அம்மா இல்லாத குழுவில் ஒற்றை டிக்: அக்கா தங்கைகளுக்கு வாட்ஸ்அப் எவ்வளவு உதவும்?

அம்மா போன பிறகு அக்கா தங்கைகள் பேசிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் வாட்ஸ்அப் குழுதான். ஒருத்தி மதுரையில், ஒருத்தி சென்னையில், ஒருத்தி சிங்கப்பூரில் என்றால் வேறு வழியும் இல்லை. அந்த ஒரு தேவைக்கு இந்தச் செயலி எப்படி என்று மட்டும் இங்கே பார்க்கிறோம். கணக்கு வழக்கு, தேதி, ஆவணம் இவற்றுக்கு ஐந்துக்கு நாலு மதிப்பெண் தாராளமாகக் கொடுக்கலாம். மனசில் இருப்பதைக் கொட்ட என்றால் ஒன்றுக்கு மேல் கொடுக்க முடியாது. அந்த இரண்டாவது வேலையை இதனிடம் ஒப்படைக்கும்போதுதான் உடன்பிறப்புகளுக்குள் விரிசல் விழுகிறது.

முதல் சிக்கல் டிக். குழுவில் போடும் செய்தி, அதில் உள்ள எல்லாருடைய போனுக்கும் போய்ச் சேர்ந்தால்தான் இரண்டாவது டிக் விழும். எல்லாரும் படித்தால்தான் நீலமாகும். பழைய குடும்பக் குழுவில் அம்மாவின் எண்ணும் இருக்கும். அந்த போனோ சார்ஜ் இறங்கி பீரோவுக்குள் கிடக்கும். ஆகவே யார் என்ன போட்டாலும் ஒற்றைச் சாம்பல் டிக்கிலேயே நிற்கும். "பதினாறாம் நாளுக்கு எத்தனை இலை சொல்லட்டும்?" என்று மூத்தவள் கேட்டிருப்பாள். மறுநாளும் ஒற்றை டிக் என்றால், தங்கைகள் வேண்டுமென்றே நெட்டை அணைத்துவிட்டார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றும். அவர்கள் அப்போதே படித்திருப்பார்கள். அழுதுகொண்டே படித்ததில் பதில் போட மறந்திருப்பார்கள். செய்தி போய்ச் சேராத ஒரே ஆள் அம்மா.

சந்தேகம் வந்தால் அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்து, மூன்று புள்ளிக்குள் 'இன்ஃபோ'வைத் திறந்து பாருங்கள். யார் படித்தார்கள், எத்தனை மணிக்கு என்று தனித்தனியாக இருக்கும். படித்ததை மறைக்கும் வசதி தனி அரட்டைக்குத்தான், குழுவில் செல்லாது. அதனால் இந்தப் பட்டியலை நம்பலாம்.

இதற்கு நேர்மாறான விபத்தும் உண்டு. ஏதோ ஒரு தொடர்பு எண் வேண்டும் என்று ஒருத்தி அம்மாவின் போனை ஆன் செய்வாள். வாட்ஸ்அப்பைத் தொட்டதும் மற்றவர்கள் திரையில் 'அம்மா' என்ற பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று வரும். போய்ச் சேராமல் கிடந்த செய்திகளுக்கெல்லாம் ஒரே நேரத்தில் இரண்டாவது டிக் விழும். தூரத்தில் இருப்பவளுக்கு அந்த நொடி நெஞ்சு நின்றுவிடும், அடுத்த நொடி "என்னைக் கேட்காமல் போனை ஏன் நோண்டினாய்?" என்று கோபமாக மாறும். போனை ஆன் செய்யும் முன் மற்ற இருவரையும் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

அம்மாவின் எண்ணைப் பழைய குழுவிலிருந்து நீக்கவே நீக்காதீர்கள். யார் யாரை நீக்கினார் என்று நடுத்திரையில் ஒரு வரி விழும். "அக்கா அம்மாவை நீக்கினார்" என்ற வரியைத் தங்கை படிக்க நேர்ந்தால், எத்தனை விளக்கம் சொன்னாலும் ஆறாது. பழைய குழுவை அப்படியே ஆர்க்கைவில் போட்டுவிட்டு, பெண்கள் மட்டும் உள்ள புதுக் குழுவைத் தொடங்குங்கள். டிக் சிக்கலும் அதோடு தீரும். மாப்பிள்ளைகளையும் பேரன் பேத்திகளையும் இதில் சேர்க்காமல் இருப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

தொடர்ந்து 120 நாள் பயன்படுத்தாத கணக்கை வாட்ஸ்அப் பொதுவாக நீக்கிவிடும் என்பதை மூவருமே முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். சிம்முக்கு ரீசார்ஜ் செய்யாமல் விட்டு எண் செயலிழந்தால், 90 நாளுக்குப் பிறகு அது வேறொருவருக்குப் போகலாம். உங்கள் போனில் 'அம்மா' என்ற பெயருக்கு மேல் முன்பின் தெரியாத ஒருவரின் படம் வந்து நிற்கும். வருஷ திதி வரையாவது சிம்மை உயிரோடு வைத்திருப்பதா, செலவு யாருடையது என்பதை முதல் மாதமே பேசி முடித்துவிடுங்கள்.

அடுத்தது எழுத்து. "உன் இஷ்டம்" என்று அக்கா வாயால் சொன்னால் அதில் பாசம் இருக்கும், களைப்பு இருக்கும். எழுத்தில் அது கன்னத்தில் விழும் அறை. "சரிக்கா"வில் உள்ள 'க்கா' போய் வெறும் "சரி" என்று வந்தால் கோபம் என்றே படும். கட்டைவிரல் படம் அதைவிட மோசம். ஆங்கில எழுத்தில் தமிழ் அடிப்பவர்களுக்கு இன்னொரு குழி: 'வேணும்'முக்கும் 'வேணாம்'முக்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம், யு இருக்கும் இடத்தில் ஏ. அம்மாவின் பச்சைப் பட்டு வேணும் என்று ஒருத்தி எழுத, வேணாம் என்று படித்து இன்னொருத்தி எடுத்துப் போய்விட்டால், சேலையைத் திருப்பிக் கொடுத்தாலும் மனசு திரும்பாது. சேலை, பாத்திரம், நகை பிரிக்கும்போது ஒவ்வொன்றோடும் ஒரு துண்டுச்சீட்டில் எண் எழுதி வைத்துப் படம் எடுங்கள். பதிலில் வேணும், வேணாம் இரண்டையும் தவிர்த்து "12 நான் எடுத்துக்கறேன்", "12 விட்டுக்கொடுக்கிறேன்" என்று எழுதுங்கள். ஒரே சேலையை இருவர் கேட்டால் எழுத்தை அங்கேயே நிறுத்திவிட்டுக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

"ஆதார் அனுப்பு" என்று மொட்டையாக வரும் செய்தியும் சந்தேகத்துக்கு வித்து. "அம்மாவோட வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவையில் விண்ணப்பிக்கணும், நம்ம மூணு பேர் பேரும் போடணும், அதுக்கு உன் ஆதார் நகல் வேணும்" என்று எழுதினால் யாருக்கும் உறுத்தாது. கல்யாணமாகிப் போன பெண் என்று ஒருத்தியின் பெயரை விடுவதற்குச் சட்டத்தில் இடமில்லை. அம்மா உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி மகன், மகள், கணவர் எல்லாருக்கும் சம பங்கு.

நாமினி பற்றியும் ஒரு வார்த்தை. அம்மாவின் வங்கிக் கணக்கில் ஒரு மகள் நாமினி என்று தெரிந்ததும் மற்றவர்கள் "அவளுக்கே எழுதி வைத்துவிட்டாள்" என்று குமைவார்கள். நாமினி பணத்தை வங்கியிடமிருந்து வாங்கத்தான் உரிமை உள்ளவர், அந்தப் பணத்துக்குச் சொந்தக்காரர் அல்ல. ராம் சந்தர் தல்வார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. நாமினியாக இருப்பவளே முந்திக்கொண்டு குழுவில் இதைச் சொல்லிவிடட்டும். அம்மாவின் ஏ.டி.எம். கார்டை யாரும் தொட வேண்டாம்.

கணக்குக்கு இந்தச் செயலியை மிஞ்ச ஆளில்லை. ஃப்ரீசர் பெட்டி, அமரர் ஊர்தி, பந்தல், சாப்பாடு என்று ஒவ்வொரு ரசீதையும் அன்றே படமெடுத்து, யார் கொடுத்தது என்று கீழே ஒரு வரி போடுங்கள். மொத்தக் கணக்கைக் குழுவின் உச்சியில் 'பின்' (pin) செய்து வைக்கலாம், 30 நாள் வரை மேலேயே நிற்கும். மறையும் செய்தி வசதி அணைந்திருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். 90 நாளில் கணக்கெல்லாம் காணாமல் போனால் "நான் கொடுத்தேன், நீ கொடுக்கலை" என்று தொடங்கிவிடும். தவறாக எழுதிவிட்டால் 15 நிமிடத்துக்குள் திருத்துங்கள். அழித்தால் 'நீக்கப்பட்டது' என்ற தடம் நிற்கும். அதில் என்ன இருந்தது என்று மற்றவர்கள் இரவெல்லாம் கற்பனை செய்வார்கள்.

கடைசியாக அம்மாவின் குரல். அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் மூன்று பெண்களின் போனிலும் வேறு வேறாக இருக்கும். போன் மாற்றும் முன் அம்மாவுடனான அரட்டையைத் திறந்து, மூன்று புள்ளியில் 'எக்ஸ்போர்ட் சாட்' போய், மீடியாவோடு சேர்த்து எடுத்து வையுங்கள். இப்படி எடுத்தால் கடைசி 10,000 செய்திகள் வரைதான் வரும். ஆண்ட்ராய்டில் குரல் கோப்பின் பெயர் பி.டி.டி. என்று தொடங்கி, அடுத்து ஆண்டு, மாதம், நாள் என்று இருக்கும். தேதிவாரியாக அடுக்குவது சுலபம். மூவருடையதையும் ஒரே கூகுள் டிரைவ் ஃபோல்டரில் சேருங்கள். குழுவில் மட்டும் முன்னறிவிப்பில்லாமல் போட்டுவிடாதீர்கள். ஒருத்தி பஸ்ஸில் இருப்பாள், ஒருத்தி ஆபீஸில் இருப்பாள். "அம்மா பேசினது ஒண்ணு இருக்கு, இப்ப கேட்கறியா?" என்று முதலில் கேளுங்கள்.