பழைய பிளாக்னா சுவர் தடிமனா இருக்கும்னு சொல்லி விப்பாங்க, உஷாரா இருங்க

ஷெவ்ரொலே 350 இன்ஜின் ரீபில்ட் பண்ண பழைய பிளாக் (சிலிண்டரெல்லாம் இருக்கற இன்ஜினோட இரும்பு உடம்பு) தேடுறவங்க தயவுசெஞ்சு இதைப் படிச்சுட்டு அப்புறம் காசு குடுங்க. எனக்கு வித்தவரே சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்கற போரிங்கும் பண்றவர். "இது 70கள்ல வார்த்த இரும்பு, இப்ப வர்ற தகடு மாதிரி கிடையாது, 60 ஓவர்சைஸ் தாராளமா தாங்கும்"னு, அதாவது 0.060 இன்ச் பெருசா கடையலாம்னு அடிச்சுச் சொன்னார். இன்ஜின் முன்பக்க டைமிங் கவருக்குப் பின்னாடி வார்ப்புலயே இருந்த 010, 020 நம்பரைக் காட்டி நிக்கல் அதிகம், அதனால கெட்டியான இரும்புன்னு வேற சொன்னார். அந்த நம்பரை வச்சு சிலிண்டர் சுவர் எவ்ளோ தடிமன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க.

ஒலி அலை வச்சு சுவர் தடிமனை அளக்கற சோனிக் டெஸ்ட் கண்டிப்பா பண்ணணும்னு கேட்டேன், பில்லுலயும் போட்டு காசு வாங்கினாங்க, ஆனா அளவு எழுதின ஷீட் கேட்டப்ப "எல்லாம் ஓகே"ன்னு ஒத்தை வார்த்தைதான் வந்துச்சு. 4.000 இன்ச் போரை (சிலிண்டர் உள்விட்டம்) 4.060 ஆக்கிட்டாங்க. கொஞ்ச நாள்ல ஹீட் ஏற ஆரம்பிச்சுது, வெளிய ஒரு சொட்டு லீக் இல்ல ஆனா கூலன்ட் குறைஞ்சுகிட்டே போகுது, பிரிச்சுப் பார்த்தா ஒரு சிலிண்டர் சுவர்ல கீறல்.

வேற மெஷினிஸ்ட் அளந்தார். அதே சிலிண்டர்ல ஒரு பக்கம் நல்ல கனம், எதிர்ப்பக்கம் 2 மில்லிமீட்டர் கூட இல்ல. இரும்பு ஊத்தும்போது உள்ள வாட்டர் ஜாக்கெட்டுக்காக (சிலிண்டரைச் சுத்தி கூலன்ட் ஓடற இடம்) வைக்கிற மணல் அச்சு, அதாவது கோர், லேசா நகர்ந்துட்டா இப்படித்தான் ஆகும், கோர் ஷிஃப்ட்னு சொல்வாங்க. பழைய வார்ப்புல இது ரொம்ப சகஜம், எப்படியும் கொஞ்சம் நகரும்னுதான் அப்ப இரும்பை அதிகமாவே விட்டாங்க. அதைத்தான் இவங்க "பழசுன்னா தரம்"னு விக்கிறாங்க, எனக்கு அதுதான் ஆத்திரமா வருது. புது பிளாக்ல கோர் உக்கார்ற இடம் துல்லியமா இருக்கறதால சுவரை மெல்லிசா, ஆனா சுத்தி ஒரே மாதிரி வார்க்க முடியுது. மெல்லிசுங்கறதால பெரிய ஓவர்சைஸ் போக முடியாது, அது உண்மைதான், அதுக்காக அது மட்டமான வார்ப்பு ஆகிடாது. ஃபோர்டு 1962லயே மெல்லிய சுவர் வார்ப்புல வி8 கொண்டுவந்துட்டாங்க.

வாங்கறதுக்கு முன்னாடி பிளாக் முன்பக்கம் கேம் ஷாஃப்ட் ஓட்டையைப் பாருங்க, சுத்தி இருக்கற வார்ப்பு வளையத்துக்கு நடுவுல ஓட்டை இல்லாம ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தா சந்தேகப்படுங்க. நடுவுல இருந்தாலும் டெஸ்டை விட்டுடாதீங்க. ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேல, நடுவுல, கீழன்னு நாலு பக்கமும் எடுத்த அளவு ஷீட்ல இருக்கணும், அதுவும் போரிங் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே உங்க கைக்கு வந்துடணும். அப்படியே கீறல் இருக்கான்னு காந்தம் வச்சுப் பார்க்கற மேக்னாஃப்ளக்ஸ் டெஸ்டும் பண்ணச் சொல்லுங்க.

என் பிளாக்குக்கு இப்ப ஸ்லீவ் (சிலிண்டருக்குள்ள இறக்கற புதுக் குழாய்) அடிக்க குடுத்திருக்கேன். டெஸ்ட் பண்ணாமலே வாங்கின காசைத் திருப்பிக் கேட்டா "பழைய இரும்புக்கெல்லாம் கேரண்டி கிடையாது"ங்கறார், விக்கும்போது அதே பழைய இரும்பைத்தான் தாங்கும் தாங்கும்னு சொன்னார்.