ராசவள்ளியா, ஊதாச் சர்க்கரைவள்ளியா: எதற்கு எது?

தோல் சீவி நறுக்கிவிட்டால் இரண்டும் ஒரே ஊதாதான். அதனால்தான் பிலிப்பைன்ஸின் 'ஊபே அலயா' என்ற இனிப்பைச் செய்யச் சர்க்கரைவள்ளியை வாங்கி வந்து, பதம் வராமல் பலர் திணறுகிறார்கள். ஊபே வேறொன்றுமில்லை, யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பால் விட்டுக் களி காய்ச்சும் அதே ராசவள்ளிக் கிழங்கு. ஊதாச் சர்க்கரைவள்ளிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ராசவள்ளி தென்கிழக்காசியத் தீவுகளில் பிறந்த வள்ளி. மற்றது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த, தாளிக்கொடி இனத்துச் செடி.

முழுக்கிழங்காக இருந்தால் அடையாளம் எளிது. ராசவள்ளியின் தோல் மரப்பட்டைபோலக் கரடுமுரடாக, நார்வேர்கள் நீட்டிக்கொண்டிருக்கும். சர்க்கரைவள்ளித் தோல் மெல்லியது, இரு முனையும் குவிந்தது. சந்தேகமென்றால் குறுக்கே வெட்டுங்கள். தோலுக்குச் சற்று உள்ளே வெண்பால் முத்து முத்தாகக் கசிந்தால் சர்க்கரைவள்ளி. வெட்டிய இடம் வெண்டைக்காய்போல வழுவழுத்து, கத்தி நழுவினால் ராசவள்ளி. அந்த வழுவழுப்புதான் அதன் பலம். பச்சையில் கையை அரிக்கவைப்பதும் ராசவள்ளிதான். கால்சியம் ஆக்சலேட்டு ஊசிப்படிகங்கள் தோலில் குத்துவதால் வரும் அரிப்பு அது. கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு சீவுங்கள், பச்சையாக வாயில் வைக்காதீர்கள்.

களிக்கு ராசவள்ளிதான், இதில் பேச்சுக்கே இடமில்லை. தோல் சீவிய அரைக் கிலோ துண்டுகளை மூன்று கப் தண்ணீரில், ஒரு சிட்டிகை உப்புடன் 20 முதல் 25 நிமிடம் குழைய வேகவிட்டு, அந்தத் தண்ணீரோடே மசியுங்கள். ஒரு கப் இரண்டாம் பால், 150 கிராம் சர்க்கரை சேர்த்து மெல்லிய தீயில் 10 நிமிடம் துழாவவேண்டும். முதற்பால் அரைக் கப்பைக் கடைசியில் விட்டு, கொதி எழுமுன் இறக்குங்கள். கொதித்தால் பால் திரிந்து எண்ணெய் மிதக்கும். கிழங்கு குழையுமுன் சர்க்கரையைப் போட்டால் அதற்குமேல் வேகாது, கட்டி கட்டியாக நிற்கும். ஆறும்போது இறுகுமென்பதால் கொஞ்சம் தளர்வாகவே இறக்குவது நல்லது. இதே முறையில் சர்க்கரைவள்ளியைப் போட்டால் மாவாகக் கரைந்து, சற்று நேரத்தில் அடியில் தங்கிவிடும். அந்தத் தளதளப்பு வராது.

சர்க்கரைவள்ளியின் திறமை அடுப்புச் சூட்டில் தெரியும். அதிலுள்ள அமைலேசு என்ற நொதி 60 முதல் 75 டிகிரிச் சூட்டில் மாப்பொருளை மால்டோசு சர்க்கரையாக மாற்றுகிறது. கிழங்கு அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு இனிப்பு. எனவே கைப்பிடி அளவுக் கிழங்கை 180 டிகிரி அவனில் தோலோடு ஒரு மணி நேரம் சுடுங்கள். மைக்ரோவேவில் சட்டென்று வெந்துவிடும், இனிப்பு குறைவாகவே இருக்கும். ஊதா ரகங்கள் பொதுவாக அடர்த்தியும் வறட்சியும் கூடியவை. வெண்ணெயோ தேங்காய்ப்பாலோ சேர்த்துத்தான் மசிக்கவேண்டும். அந்த வறட்சியே சிப்ஸுக்கும் புட்டு மாவில் பிசைவதற்கும் வசதி.

நிறத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். இரண்டிலும் இருப்பது அந்தோசயனின் என்ற நிறமி. புளிப்புப் பட்டால் சிவக்கும், சோடா போன்ற காரப்பொருள் பட்டால் நீலமாகிப் பச்சையடிக்கும். கேக்கில் ஆப்பச் சோடா போட்டவர்களுக்குப் பாசி நிறம் வருவது அதனால்தான். முட்டை வெள்ளைக்கருவும் காரத்தன்மை உடையது. சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடர் போட்டு, 200 கிராம் மசியலுக்கு ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விடுங்கள். இரும்புச் சட்டி வேண்டாம், நிறம் கறுத்துப்போகும். தண்ணீரில் வேகவைத்து வடித்தால் நிறத்தில் ஒரு பகுதி வடிநீரோடு போய்விடும். ஆவியில் வேகவைப்பதே மேல்.

ஊதாப் பயற்றங்காய் வெந்ததும் பச்சையாகிவிடுகிறது, இந்தக் கிழங்குகள் மட்டும் ஏன் நிறம் காக்கின்றன? பயற்றில் நிறம் மேல்தோலில் மட்டும் உண்டு, வெந்நீரில் கரைந்ததும் அடியிலுள்ள பச்சையம் தெரிகிறது. கிழங்குகளின் அந்தோசயனினில் கரிம அமிலங்கள் ஒட்டியிருப்பதால் அது சூட்டைத் தாங்கும். அடர்ந்த, சீரான நிறம் வேண்டுமானால் சர்க்கரைவள்ளிதான். ராசவள்ளியில் வெள்ளைத் திட்டு கலந்திருப்பது இயல்பு. ஜப்பானில் 'ஆயாமுராசாகி' ரகத்தை உணவுச் சாயம் எடுக்கவே வளர்க்கிறார்கள். திருவனந்தபுரம் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட 'பூ கிருஷ்ணா' நம் பக்கத்து ஊதாச் சர்க்கரைவள்ளி. நிறம் எதுவானாலும் இரண்டும் மாப்பொருள் கிழங்குகளே. சர்க்கரை நோயாளிகள் அளவு பார்த்தே உண்ணவேண்டும்.

தோட்டத்துக்கு என்றால் சர்க்கரைவள்ளியைப் பரிந்துரைப்பேன். கொடித்துண்டு நட்டால் நான்கு மாதத்தில் அறுவடை. ராசவள்ளிக்கு 250 கிராம் விதைத்துண்டு, ஏற ஒரு பந்தல், எட்டு முதல் பத்து மாதப் பொறுமை. ஆனால் சர்க்கரைவள்ளிக்குக் கூன்வண்டு என்ற எமன் உண்டு. ஜப்பானின் தெற்கேயுள்ள ஒக்கினாவாத் தீவுகளுக்கு 1605-இல் இக்கிழங்கு வந்தது. இன்று கூன்வண்டு பரவாமலிருக்க அங்குள்ள பெரும்பாலான தீவுகளிலிருந்து பச்சைக்கிழங்கை ஜப்பானின் மற்றப் பகுதிகளுக்குக் கொண்டுபோகத் தடை. வண்டு துளைத்த கிழங்கு கசக்கும், நச்சும் சேரும். அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுச் சமைக்காமல் முழுவதையும் எறிந்துவிடுங்கள்.

வாங்கியதைக் குளிர்பெட்டியில் வைக்காதீர்கள். சர்க்கரைவள்ளி அந்தக் குளிரில் நடுவே கெட்டித்து, எவ்வளவு வேகவைத்தாலும் குழையாது. காற்றோட்டமான நிழலில் ராசவள்ளி இரண்டு மூன்று மாதம் தாங்கும். முளைவிடத் தொடங்கியதும் சமைத்துவிடுங்கள், அல்லது நட்டுவிடுங்கள்.