விண்டோஸ் மென்பொருள், லினக்ஸ் கணினி: மலையகக் கடைக்கும் தோட்ட அலுவலகத்துக்கும் எது தோது?

"தம்பி, லினக்ஸ் போட்டால் பில் அடிக்க முடியுமா?" ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் கடை வைத்திருப்பவர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் கேள்வி இது. காரணம் தெரிந்ததுதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 கேட்பதோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியும். நம் கடைகளில் ஓடும் கணினிகளில் பல, கொழும்பில் பழையதாக வாங்கிய நான்காம், ஆறாம் தலைமுறைப் பெட்டிகள். 2022இல் ரூபா சரிந்த பிறகு புதிது வாங்கும் யோசனையையே பலர் விட்டுவிட்டார்கள். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸின் மின்ட் வகையைப் போட்டால் அதே பெட்டி இன்னும் சில வருடங்கள் தாராளமாக உழைக்கும். ஆனால் பில் போடும் மென்பொருளும் செக்ரோல் (தோட்டத் தொழிலாளரின் சம்பளப் பதிவேடு) போடும் மென்பொருளும் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டவை.

இதற்கு மூன்று வழிகள் இருக்கின்றன. மேக் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. பொதுவாக இவற்றை வேகத்தையும் விலையையும் வைத்து ஒப்பிடுவார்கள். அந்த அளவுகோலில் எனக்கு நம்பிக்கை இல்லை. கணினியின் பின்பக்கம் என்னென்ன வயர் செருகியிருக்கிறது, மென்பொருள் தன் கணக்குகளை எங்கே எழுதி வைக்கிறது, அதை எழுதியவர் எத்தனை தடவை புதுப்பிப்பு அனுப்புவார் என்பவற்றைப் பார்த்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

வைன்

விண்டோஸ் இல்லாமலே விண்டோஸ் மென்பொருளை ஓட்டுவது வைன். 1993இல் தொடங்கிய திட்டம், 1.0 பதிப்பு வருவதற்கு 2008 ஆனது. மென்பொருள் விண்டோஸிடம் கேட்பதையெல்லாம் லினக்ஸுக்குப் புரியும் அழைப்புகளாக மாற்றிக் கொடுப்பதுதான் அதன் வேலை. ஆகவே விண்டோஸ் உரிமம் வேண்டாம். பழைய, சிறிய மென்பொருளுக்கு 4 ஜிபி நினைவகமே போதும்.

விஷுவல் பேசிக் 6, ஃபொக்ஸ்ப்ரோ போன்ற பழைய நிரல் மொழிகளில் எழுதிய பழைய பில் மென்பொருள்கள் இதில் பெரும்பாலும் சொன்னபடி கேட்கும். வில்லங்கம் வெளியே தொங்கும் வயர்களில்தான். கொழுந்து வாங்கும் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கத் தராசிலிருந்து சீரியல் வயர் ஒன்று கணினிக்கு வரும். இன்றைய கணினிகளில் அதைச் செருக இடமில்லாததால் நடுவில் ஒரு யூஎஸ்பி மாற்றி இருக்கும். மலிவான மாற்றிகள் பலவற்றில் இருப்பது பிஎல்2303 சில்லின் பழைய வகை. அதை விண்டோஸ் 11இல் செருகினால், "2012 முதல் கைவிடப்பட்டது, விற்றவரைத் தொடர்புகொள்ளவும்" என்ற பொருளில் ஒரு வரி மஞ்சள் முக்கோணத்துடன் வந்து நிற்கும். லினக்ஸ் எந்தக் கேள்வியும் கேட்காமல் அதை ஏற்றுக்கொள்கிறது. வைன் அதற்கு ஒரு கொம் எண் (சீரியல் வாயிலின் எண்) போடும். பல வேளைகளில் அது கொம்33. தராசு மென்பொருளின் பட்டியலிலோ கொம்4க்கு மேல் எதுவும் இருக்காது. வைனின் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியில் "போர்ட்ஸ்" என்ற இடத்தில், கொம்1 என்பது இந்தச் சாதனம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். பயனரை, சீரியல் வாயிலைத் தொட அனுமதி உள்ள "டயல்அவுட்" குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வந்தால் எடை திரையில் தெரியும். விண்டோஸே வேண்டாம் என்று தள்ளிய மாற்றி, விண்டோஸுக்கென எழுதிய மென்பொருளுக்கு லினக்ஸில் எடை அனுப்புகிறது. இந்த வேடிக்கைக்காகவே எனக்கு வைனைப் பிடிக்கும்.

அச்சுப்பொறியில் அந்த மகிழ்ச்சி கொஞ்சம் குறைகிறது. கார்பன் பிரதி வேண்டும் என்பதால் டொட் மெட்ரிக்ஸ் அச்சுப்பொறியை நம் ஊர்க் கடைகள் இன்னும் விடவில்லை. வைன் எதை அச்சிட்டாலும் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க விவர மொழிக்கு மாற்றி லினக்ஸின் அச்சு அமைப்பிடம் ஒப்படைக்கிறது; அது அதைப் படமாக்கி அச்சுப்பொறிக்கு அனுப்புகிறது. எழுத்தாக அடித்தால் நொடிகளில் வெளியே வரும் பில், படமாகப் போகும்போது ஒவ்வொரு வரியிலும் ஊசி போய்ப்போய் வந்து ஊர்கிறது. சம்பள நாளில் கடையில் வரிசை நிற்கும்போது இது பொறுக்க முடியாத தாமதம். மென்பொருள் எழுத்துகளை நேரடியாக எல்பிடி1 என்ற அச்சுப்பொறி வாயிலுக்கு அனுப்பும் பழைய வகையென்றால் தப்பித்தீர்கள். அதை அப்படியே அச்சுப்பொறிக்குத் திருப்பிவிடலாம்.

தமிழ்ப் பெயர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய சம்பள மென்பொருள்களில் தொழிலாளர் பெயர்கள் யுனிகோடில் இருப்பதில்லை, பாமினி எழுத்துருவில் இருக்கும். பாமினி இல்லாத கணினியில் பெயர்ப் பட்டியல் முழுவதும் அர்த்தமற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். தரவு கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். எழுத்துருக் கோப்பை வைனின் "ஃபொன்ட்ஸ்" கோப்புறையில் போட்டால் பெயர்கள் திரும்பி வந்துவிடும்.

வைனை நான் எங்கே கைவிடுவேன் என்றால், புதுப்பிப்பு ஓயாமல் வரும் மென்பொருளில். இந்த நாட்டில் 2022 ஜூனில் 8 வீதத்திலிருந்து 12 ஆன வற் வரி, அதே செப்டெம்பரில் 15 ஆகி, 2024 ஜனவரியில் 18 ஆனது. ஒவ்வொரு தடவையும் கொழும்பிலிருந்து ஒரு புதுப்பிப்பு வரும். நேற்றுவரை வைனில் ஒழுங்காக ஓடியது அந்தப் புதுப்பிப்புக்குப் பிறகும் ஓடும் என்பதற்கு எவரும் பொறுப்பேற்க மாட்டார். எழுதியவரைத் தொலைபேசியில் அழைத்தால், "நாங்கள் விண்டோஸுக்கு மட்டும்தான்" என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான். மைக்ரோசொஃப்டின் டொட்நெட் தளமும் எஸ்கியூஎல் சேர்வர் என்ற தரவுத்தளமும் சேர்ந்த புதிய சம்பள மென்பொருள்களுக்கு வைனை முயன்று பார்க்கவே நான் சொல்லமாட்டேன். எஸ்கியூஎல் சேர்வரை வைனுக்குள் நிறுவப் போராடுவது வீண். 2017 முதல் அதற்கு லினக்ஸ் பதிப்பே இருந்தாலும், விற்றவரின் நிறுவல் நிரல் அதைத் தேடிப் போகாது.

காசு கொடுத்தால் கோட்வீவர்ஸ் நிறுவனத்தின் குரொஸ்ஓவர் கிடைக்கும். அதன் உள்ளே இருப்பதும் வைன்தான். நிறுவுவது இலகு, கேட்டால் பதில் சொல்ல ஆள் உண்டு. நம் ஊர் பில் மென்பொருளைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

மெய்நிகர் கணினி

இங்கே உண்மையான விண்டோஸே லினக்ஸுக்குள் ஒரு சாளரமாக ஓடுகிறது. ஒராக்கிளின் விர்ச்சுவல்பொக்ஸ் இலவசம். விஎம்வெயார் வேர்க்ஸ்டேஷன் ப்ரோவும் 2024 நவம்பர் முதல் வணிகப் பயன்பாட்டுக்கும் இலவசம். லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலிலேயே 2007 முதல் இதே வேலையைச் செய்யும் கேவிஎம் இருக்கிறது. எதைத் தேர்ந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. புதிதாகத் தொடங்குபவருக்கு விர்ச்சுவல்பொக்ஸின் பொத்தான்கள் பழகச் சுலபம்.

மென்பொருள் ஓடுமா என்ற சந்தேகம் இதில் அநேகமாக இல்லை. யூஎஸ்பி பூட்டுச் சாவி கேட்கும் கணக்கியல் மென்பொருள் வைனில் திகைத்து நிற்கும். இங்கே சாவியை உள்ளே இருக்கும் விண்டோஸிடம் கொடுத்துவிடலாம். புதுப்பிப்புக்கு முன் ஒரு ஸ்னப்ஷொட் (அந்த நேரத்து நிலையின் பிரதி) எடுத்துக்கொண்டால், கெட்டுப்போனாலும் சில நிமிடங்களில் பழைய நிலைக்குத் திரும்பலாம். வரி மாறும் வாரங்களில் இதன் அருமை தெரியும்.

விலை வேறு வடிவத்தில் வருகிறது. விண்டோஸ் உரிமம் தனியாக வேண்டும். பழைய பெட்டியோடு சேர்த்து விற்ற ஓஈஎம் வகை உரிமம் அந்தப் பெட்டிக்கு மட்டுமே உரியது. 8 ஜிபி நினைவகத்தில் இரண்டு இயங்குதளமும் மூச்சு வாங்கும். 16 ஜிபியும் எஸ்எஸ்டியும் இருந்தால்தான் நிம்மதி. முழு விண்டோஸும் ஒரே பெரிய கோப்பாக இருப்பதால், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அந்தக் கோப்பே சிதையலாம். ஏப்ரல் இடிமழை மாலைகளை அறிந்தவர்கள் யூபிஎஸ் இல்லாமல் இதைத் தொடக்கூடாது. விண்டோஸ் 10ஐத்தான் உள்ளே ஓட்டுவேன் என்பவர்கள் அதன் இணையத் தொடர்பையாவது துண்டித்துவிடுங்கள்.

மூலையில் ஒரு விண்டோஸ் பெட்டி

ஒன்றுக்கு மேற்பட்ட மேசை உள்ள அலுவலகத்துக்கு என் தேர்வு இதுதான். விண்டோஸ் 11 ஏற்கும் ஒரு கணினியை ப்ரோ பதிப்புடன் வாங்கி மூலையில் வையுங்கள். ஹோம் பதிப்பு ரிமோட் டெஸ்க்டொப் (வேறொரு கணினியிலிருந்து நுழைந்து வேலை செய்யும் வசதி) இணைப்பை ஏற்காது. மற்றப் பழைய பெட்டிகள் எல்லாவற்றிலும் லினக்ஸ். அவற்றில் ரெம்மினா என்ற இலவசச் செயலி வழியாக அந்தப் பெட்டிக்குள் போய் வேலை செய்யலாம்.

இதன் பெரிய நன்மையைப் பலர் கவனிப்பதில்லை. அக்செஸ், ஃபொக்ஸ்ப்ரோ போன்றவற்றின் தரவுக் கோப்பை வைஃபை வழியாகப் பல கணினிகள் பகிர்ந்தால், எழுதும் நடுவில் இணைப்பு அறுந்த மாத்திரத்தில் கோப்பு பழுதாகலாம். ரிமோட் டெஸ்க்டொப்பில் வலையில் ஓடுவது திரையில் தெரிவதன் படமும் விசைத்தட்டும் மட்டுமே. இணைப்பு அறுந்தாலும் மென்பொருள் அந்தப் பெட்டியில் ஓடிக்கொண்டே இருக்கும். திரும்பி வந்தால் விட்ட இடத்தில் தொடரலாம். தடித்த கருங்கல் சுவர்கள் கொண்ட பழைய தோட்ட அலுவலகங்களில் வைஃபை படும் பாட்டை நினைத்தால் இது சிறிய விடயம் அல்ல.

குறைகள் உண்டு. விண்டோஸ் ப்ரோவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்யலாம். மூன்று பேர் ஒரேயடியாக நுழைய விண்டோஸ் சேர்வரும் ஆளுக்கொரு அணுகல் உரிமமும் வேண்டும். அங்கே செலவு கூரையைத் தொடும். விண்டோஸின் உட்கோப்பைத் திருத்திப் பலரை உள்ளே விடும் "வைத்தியம்" உரிமத்தை மீறுவது. அடுத்த விண்டோஸ் புதுப்பிப்பில் உடைந்தும் போகும். செக்ரோலைக் காலையில் ஒருவரும் கணக்கை மாலையில் இன்னொருவரும் பார்க்கும் அலுவலகத்துக்கு ஒரு இருக்கையே போதும். தராசையும் டொட் மெட்ரிக்ஸையும் அந்தப் பெட்டியிலேயே செருகிவிடுங்கள். வீட்டிலிருந்து நுழைய ஆசைப்பட்டு ரிமோட் டெஸ்க்டொப்பின் 3389 வாயிலை இணையத்துக்குத் திறந்து வைக்க வேண்டாம்; வயர்கார்ட் போன்ற விபிஎன் (மறையாக்கப்பட்ட தனி இணைப்பு) வழியாக மட்டும் வாருங்கள்.

மேக்

எல்லப் பக்கம் விருந்தினர் விடுதி நடத்துபவர்கள் சிலர் கேட்பதால் இதைச் சொல்கிறேன். 2020 இறுதியிலிருந்து வந்த, அப்பிளின் சொந்தச் செயலி கொண்ட அப்பிள் சிலிக்கன் மேக்குகளில், விண்டோஸை நேரடியாக நிறுவ உதவிய பூட் கேம்ப் கிடையாது. இந்தச் செயலிகளின் வகையான ஏஆர்எம்முக்கான விண்டோஸ் 11ஐ அவற்றில் பரலல்ஸ் என்ற மெய்நிகர் கணினி மென்பொருள் வழியாக ஓட்டுவதை 2023 பெப்ரவரியில் மைக்ரோசொஃப்ட் அங்கீகரித்தது. சாதாரண மென்பொருள்கள் ஓடுகின்றன. பூட்டுச் சாவி, தராசு, அச்சுப்பொறி ஆகியவற்றின் பழைய டிரைவர்கள் ஓடுவதில்லை. ஏஆர்எம்முக்கென்றே எழுதியிருக்க வேண்டும். பில் போடவென்று மேக் வாங்குவது வீண் செலவு.

எந்த வழியில் போனாலும் பழைய கணினியை உடனே நிறுத்திவிடாதீர்கள். ஒரு மாதச் சம்பளத்தை இரண்டிலும் போட்டு அச்செடுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடம் 8 வீதம், தொழில் தருநரிடம் 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். இந்த மூன்று கூட்டுத்தொகைகளும் இரண்டு தாளிலும் சதம் பிசகாமல் ஒத்துவந்த பிறகு பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றலாம். அழிக்காமல், திகதி எழுதி அலமாரியில் வையுங்கள்.