வலையும் உறையும் கூடும்: தலங்கம வளவில் ஐந்து வருடம்

எங்கள் வீடு கொழும்பை அடுத்த தலங்கமக் குளத்துக்குக் கிட்ட. 18 பேர்ச் வளவில் வீடு போக மிஞ்சிய இடத்தில் ஒரு ரம்புட்டான், இரண்டு கொய்யா, ஒரு டொம் ஈஜேசி ஒட்டு மா. அப்பாவின் பிடிவாதத்தால் யாழ்ப்பாணத்திலிருந்து கன்றாக வந்த கறுத்தக் கொழும்பான் மாவும் நிற்கிறது. பெயரில்தான் கொழும்பு. இந்தப் பக்கத்து மழைக்கு அது பூப்பதும் கொட்டுவதுமாகவே காலம் தள்ளுகிறது.

2020 ஊரடங்கில் வீட்டோடு இருந்தபோதுதான் எங்கள் பழங்களை யார் யார் தின்கிறார்கள் என்று ஒழுங்காகப் பார்த்தேன். காலையில் அணில். இரவில் வௌவால், விகாரமகாதேவிப் பூங்காவில் பகலெல்லாம் தலைகீழாகத் தொங்குமே, அந்தப் பெரிய இனம். இவை இரண்டுக்கும் நடுவில் எந்த நேரமும் வரக்கூடியது சிங்களத்தில் வந்துரா என்கிற கருமுகக் குரங்கு.

முதலில் வாங்கியது வலை. புறக்கோட்டையில் கிலோக் கணக்கில் விற்ற மெல்லிய நைலோன் வலை, கண் ஒவ்வொன்றும் இரண்டு விரல் அகலம். ரம்புட்டான் மேல் போர்த்தி அடியில் கயிற்றால் கட்டினேன். மூன்றாம் நாள் விடியற்காலை அதில் ஒரு செண்பகப் பறவை தொங்கியது. ஒரு செட்டையிலும் காலிலும் நூல் நான்கைந்து சுற்று இறுகியிருந்தது. மனைவி துவாயால் தலையை மூடிப் பிடிக்க, நான் நகம் வெட்டும் கத்தரியால் ஒவ்வொரு இழையாக அறுத்தேன். சிவப்புக் கண் என்னையே பார்த்தபடி இருந்தது. இருபது நிமிடம் போயிருக்கும். பறந்துதான் போனது, ஆனால் எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மெல்பேர்னில் இருக்கும் சித்தி மகளுக்குப் படத்தை அனுப்பினேன். உடனே அழைத்தாள். "அண்ணா, அந்த வலையை இப்பவே கழட்டுங்கோ. இங்க அது போட்டால் தண்டம்." விக்டோரியா மாநிலத்தில் வீட்டுப் பழமரத்துக்குப் போடும் வலையின் கண் இழுத்துப் பிடித்தாலும் 5 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது என்று 2021 செப்டெம்பரிலிருந்து சட்டமாம். சுண்டுவிரல் நுழைந்தால் அந்த வலை கூடாது, அவ்வளவுதான் கணக்கு. இங்கே அப்படி விற்பது நுளம்புவலைத் துணி. பழைய நுளம்புவலைகளை வெட்டித் தலையணை உறை போலத் தைத்து, ரம்புட்டான் குலைகளுக்குத் தொளதொளவென்று கட்டினோம். துணி பழத்தோடு ஒட்டினால் வௌவால் வெளியிலிருந்தே கடித்துச் சாறு உறிஞ்சிவிடும், அதனால் கொஞ்சம் இடம் விட வேண்டும். நான்கு வருடமாக அதே துணிதான். உச்சிக் குலைகளுக்கு ஏறிக் கட்ட எனக்குத் தைரியமில்லை. அவை வௌவாலுக்கு.

மாவுக்குக் கடதாசி உறை. வெளியே மண்ணிறம், உள்ளே கறுப்பு, வாயில் மெல்லிய கம்பி வைத்து வருகிறதே, அது. காய் முட்டை அளவு வந்ததும் போட்டு, காம்பைச் சுற்றி இடைவெளி இல்லாமல் முறுக்க வேண்டும். பழ ஈக்காகத்தான் இதைச் சொல்வார்கள், ஆனால் அணிலும் பாதிக்கு மேல் குறைந்தது. உள்ளே பழம் இருப்பது அதன் கண்ணுக்குத் தெரியாததால் என்று நினைக்கிறேன். பழமும் கடையில் அடுக்கி வைத்திருப்பது போல மாசில்லாத மஞ்சளாக வரும். குறை என்றால் மாவுப்பூச்சி: உறைக்குள் அதற்கு வெயிலும் இல்லை, மழையும் இல்லை, ராஜவாழ்க்கை. போடும் முன் காயைத் துடைத்துப் பார்க்காவிட்டால் பழத்துக்குப் பதில் வெள்ளைப் பஞ்சுதான் கிடைக்கும். உறையைக் காயவைத்து அடுத்த வருடமும் பாவிக்கலாம் என்று விற்றவர் சொன்னார். கொழும்பு மழைக்கு அந்தக் கதை சரிவராது, அடி பிய்ந்துவிடும். கொய்யாவுக்குப் பொலித்தீன் பை கட்டிப் பார்த்தேன். உள்ளே வியர்த்துப் பழம் அழுகியது, அப்புறம் அதற்கும் கடதாசிதான்.

சரி, குரங்குக்கு வருவோம். அது உறையைக் கிழித்துப் பார்த்து, பிடிக்காவிட்டால் கீழே போட்டுவிட்டு அடுத்த உறையைக் கிழிக்கும். அதைவிடப் பெரிய நட்டம் தளிர். இது அடிப்படையில் இலை தின்னி. டொம் ஈஜேசி செம்புநிறத்தில் தளிர் விட்ட வாரமே ஒரு கூட்டம் வந்து அத்தனையையும் உருவிவிட்டுப் போகும். அந்தக் கிளைகளில் அந்த வருடம் பூ இல்லை. பக்கத்து வீட்டில் வெடி கொளுத்தினார்கள். முதல் வாரம் ஓடின, இரண்டாம் வாரம் வேலிக்கு அப்பால் போய் உட்கார்ந்து பார்த்தன, மூன்றாம் வாரம் எங்கள் நாய்தான் கட்டிலுக்கு அடியில். அடித்து விரட்டுகிற யோசனையே வேண்டாம். இலங்கைக்கு மட்டுமே உரிய இனம். அதிலும் கொழும்புப் பக்கத்துக் கிளையினம் அழிவின் விளிம்பில் இருக்கிறது, சட்டப் பாதுகாப்பும் உண்டு.

2025 மார்ச் 15 காலை 8 மணி முதல் 8.05 வரை வளவுக்குள் வரும் விலங்குகளை எண்ணச் சொல்லி நாடு முழுக்கக் கணக்கெடுப்பு நடந்ததல்லவா? நானும் பேனையோடு நின்றேன். ஒன்றுகூட வரவில்லை. ஒன்பதே காலுக்கு ஏழு வந்தன.

அவை தரையில் இறங்கி நடக்க விரும்புவதில்லை என்பதைக் கவனிக்க எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. பக்கத்துப் பலாவின் ஒரு கிளை எங்கள் கூரையைத் தொட்டது, கூரையிலிருந்து மா ஒரு பாய்ச்சல். பலாவைத் தறிப்பதானால் அனுமதி எடுக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு அந்தக் கிளையை மட்டும் கழித்தோம். மாவையும் கை எட்டும் உயரத்துக்கு வெட்டிக் குட்டையாக்கினேன். ஒரு வருடக் காய்ப்பு போனது. ஆனால் பாலம் இல்லாததால் வரவு மாதத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. ஐந்து வருடச் செலவில் உருப்படியானது அந்தக் கைவாள்தான், இதை முதலிலேயே வாங்கியிருந்தால் வலைக்காசு மிச்சம்.

கறுத்தக் கொழும்பானைக் குரங்கிடமிருந்து காக்க வழி சொன்னது திருகோணமலை அத்தான். பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் திரியும் புள்ளிமான்கள் அவர் வீட்டு எலுமிச்சைக் கன்றுகளை மொட்டையடித்திருக்கின்றன. ஆண் மான் என்றால் கொம்பைத் தேய்த்து மரத்தோலையும் உரித்துவிடுமாம். முதலில் இடுப்பளவு வேலி போட்டாராம், பாய்ந்து வந்தன. சவர்க்காரக் கட்டி தொங்கவிட்டார், மழையோடு கரைந்தது. கடைசியில் ஒவ்வொரு கன்றையும் சுற்றி வெல்ட் மெஷ் என்கிற இரும்புக் கம்பிவலையால் ஒரு கூடு: ஆளுயரம், தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, மூன்று இரும்புக் கம்பி அடித்துக் கட்டியது. தள்ளி வைக்காவிட்டால் கழுத்தை நீட்டி எட்டிவிடும், கம்பி அடிக்காவிட்டால் முட்டிச் சாய்த்துவிடும். அதற்குப் பிறகு எலுமிச்சை தப்பியது.

அதை அப்படியே இங்கே செய்தேன். நான்காம் நாள் கூட்டுக்குள் மேலிருந்து ஒரு கறுத்தக் கை இறங்கிக் குருத்தை முறித்தது. அத்தானிடம் சொன்னால் அவர் சிரிக்கிறார். "மானுக்குக் கூரை தேவையில்லையடா, குரங்குக்குத் தேவை." இப்போது மேலேயும் மெஷ், ஒரு பக்கம் கீல் வைத்த மூடி. அப்பா தினமும் காலையில் திறந்து பார்த்துவிட்டுப் பூட்டுகிறார். மூடியின் ஒரு மூலை துருப்பிடித்துவிட்டது, ஐப்பசி மழைக்கு முன் மாற்ற வேண்டும்.