டெர்பியில் சொந்த அக்ரிகேட்: நீண்ட நாள் ஓட்டிய அனுபவம்

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு மருந்துக் கிடங்கின் வெப்பநிலைப் பதிவுகளை அப்பாச்சி டெர்பியில் வைத்திருக்கிறோம். முழுக்க ஜாவாவில் எழுதிய டேட்டாபேஸ். நம் மென்பொருளுக்குள்ளேயே ஓடும், தனி சர்வர் வேண்டாம். எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது, 10.10 பதிப்பில் வந்த வசதி: நமக்கு வேண்டிய அக்ரிகேட்டை, அதாவது சராசரி மாதிரி பல மதிப்புகளைத் திரட்டி ஒரே விடை தரும் சார்பை, நாமே எழுதிச் சேர்க்கலாம்.

தரக்கட்டுப்பாட்டு அக்கா ஒருநாள், "சராசரிய வச்சு நான் என்ன தம்பி பண்றது? எம்கேடி குடு" என்றார். சராசரி இயக்க வெப்பநிலையைத்தான் அப்படிச் சொல்வார்கள். மதியச் சூட்டில் கதவைத் திறந்துவைத்துச் சரக்கு இறக்கினால் அந்தச் சிறிது நேரத்தில் மருந்து கெடும் வேகம் மடமடவென்று ஏறும். சாதாரண சராசரி அதை அமுக்கிவிடும். எம்கேடி சூடான நேரத்துக்குக் கூடுதல் எடை கொடுக்கும்.

டெர்பியின் அக்ரிகேட்டர் இன்டர்ஃபேஸில் நாம் எழுத வேண்டியது நான்கு மெத்தட்: இனிட் (தொடக்கம்), அக்யூமுலேட் (ஒவ்வொரு மதிப்பாகச் சேர்ப்பது), மெர்ஜ் (இரண்டு பகுதி விடைகளை இணைப்பது), டெர்மினேட் (இறுதி விடை). செல்சியஸோடு 273.15 கூட்டி, மைனஸ் 10000-ஐ அதால் வகுத்து, எக்ஸ்பொனென்ஷியல் எடுத்துச் சேர்த்துக்கொண்டே போகவேண்டியதுதான். வழக்கமாக எடுக்கும் 83.144 கிலோஜூல் கிளர்வுறு ஆற்றலை (மருந்து கெடும் வினை தொடங்கத் தேவையான ஆற்றல்) வாயு மாறிலியால் வகுத்தால் வருவதே அந்த 10000. கடைசியில் ஒரு லாகரிதம். கையில் வைத்திருக்க வேண்டியது ஒரு கூட்டுத்தொகை, ஒரு எண்ணிக்கை. மெர்ஜ் என்பதும் இரண்டையும் கூட்டுவதுதான். 'கிரியேட் டெர்பி அக்ரிகேட்' என்று ஒரு வரியில் அறிவித்த பிறகு, அறைவாரியாக குரூப் பை போட்டால் ஏவிஜி மாதிரியே வேலை செய்கிறது. இதுவரை மக்கர் செய்ததில்லை.

மீடியனுக்கு (நடு மதிப்பு) மட்டும் இந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன். எல்லா மதிப்பையும் நினைவகத்தில் பிடித்துவைக்க வேண்டும், ஜாவாவின் ஹீப் நினைவகம் வீங்கிவிடும்.

பெரிய குறை, ஒரே ஒரு ஆர்குமென்ட்தான். பதிவுகள் சீரான இடைவெளியில் வராதபோது நிமிடக் கணக்கையும் சேர்த்துக் கொடுக்கத் தோன்றும். அதற்குத் தனியாக ஒரு டைப் உருவாக்க வேண்டும், சலிப்பான வேலை. அப்புறம், யாராவது டெர்பியின் கட்டளைவரிக் கருவியான ஐஜே-யில் திறந்து க்வெரி போடும்போது, நம் கிளாஸ் உள்ள ஜார் கோப்பு ஜாவா தேடும் இடமான கிளாஸ்பாத்தில் இல்லாவிட்டால் கிளாஸ் கிடைக்கவில்லை என்று முறைக்கும்.

2025 அக்டோபரில் டெர்பி திட்டத்தையே ஓய்வுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி பிழைதிருத்தம்கூட வராது. புதிதாகத் தொடங்குபவர்கள் இன்னொரு ஜாவா டேட்டாபேஸான எச்2 பக்கம் போகலாம். அங்கே ஆட், கெட்ரிசல்ட் என்று பெயர்கள் மாறும், மெர்ஜ் கிடையாது, வெப்பநிலை, நிமிடம் என்ற இரண்டு நெடுவரிசைகளையும் நேராகவே அனுப்பலாம். மீடியனும் உள்ளேயே இருக்கிறது. எங்கள் எம்கேடி கிளாஸில் கணக்குப் பகுதியை அப்படியே எடுத்துப்போகிறேன்.