மென்மையான ஈயமா, கடினமான ஈயமா: ரிவால்வர் குழலில் ஈயம் எதனால் படிகிறது?

குழலில் ஈயம் படிந்தால் பலர் செய்யும் முதல் காரியம், இன்னும் கடினமான குண்டு வாங்குவது. .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டாவில் அது பெரும்பாலும் நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

உலோகத்தின் கடினத்தைக் காட்டும் பிரினெல் அளவில் சுத்த ஈயம் 5 அளவே இருக்கும். 90% ஈயம், 5% வெள்ளீயம், 5% ஆன்டிமனி சேர்ந்த லைமன் 2 கலவை 15 வரும். அச்சகங்களின் லைனோடைப் உலோகம் 22. வெடிக்கும் வாயு பின்னாலிருந்து அழுத்தும்போது குண்டின் அடிப்பாகம் சற்றே விரிந்து குழலை அடைக்க வேண்டும். பிரினெல் எண்ணை 1,422 ஆல் பெருக்கினால் அதற்குத் தேவையான அழுத்தம் தோராயமாகக் கிடைக்கும். 12 என்றால் சதுர அங்குலத்துக்குச் சுமார் 17,000 பவுண்டு. .38 ஸ்பெஷலின் உச்ச வரம்பே அதுதான். அப்படியிருக்க, இலக்குப் பயிற்சிக்கான, அழுத்தம் குறைந்த தோட்டாவில் 22 கடினமுள்ள குண்டைப் போட்டால் அடி விரியாது. சூடான வாயு ஓரமாகப் பீறிட்டு ஈயத்தை அரித்து, குழல் தொடங்கும் இடத்திலேயே அப்பிவிடும்.

அதனால் இலக்குப் பயிற்சிக்கான தட்டை முனைக் குண்டான வாட்கட்டருக்கு மென்மையானதே நல்லது. அதைவிட வலிய .357 மேக்னம் தோட்டாவின் வரம்பு 35,000 பவுண்டு. அங்கே மென்மையான குண்டு ரைஃப்லிங்கை, அதாவது குழலுக்குள் உள்ள சுருள் வரிகளை, பிடிக்காமல் வழுக்கும், 12 முதல் 16 வரை போதும். குழலின் முன்பாதியில் மட்டும் படிந்தால் குண்டில் பூசிய மசகு மெழுகு பாதியிலேயே தீர்ந்திருக்கிறது. கடினத்தை மாற்றிப் பயனில்லை.

உண்மையில் கடினத்தைவிடப் பொருத்தம்தான் முக்கியம். மென்மையான ஈயத் துண்டைக் குழலில் அடித்துத் தள்ளி மைக்ரோமீட்டரில் அளந்தால் 0.357 அங்குலம் வருகிறதென்று வையுங்கள், குண்டு 0.358 இருக்க வேண்டும். பிறகு சிலிண்டரைக் கழற்றி, குண்டைத் தோட்டா அறையின் முன்வாய் வழியே விரலால் தள்ளிப் பாருங்கள். லேசாக அழுத்தினால் நகர வேண்டும். தானாக விழுந்தால் குண்டு சிறிது. தள்ளவே முடியாவிட்டால் வாய் குறுகல். அது குண்டை நெரித்து அனுப்பும், எந்தக் கலவையாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

ரிவால்வர் அல்லாத, உட்புறம் பலகோணமான குழல் உள்ள கிளாக் பிஸ்டலில் வெறும் ஈயக் குண்டு வேண்டாம் என்று அதன் தயாரிப்பாளரே சொல்கிறார்.

படிந்த ஈயத்தைச் செம்பு உறையிட்ட குண்டு சுட்டு எடுக்கப் பார்க்காதீர்கள். ஈயம் படிந்து உள்விட்டம் குறுகிய குழலில் அழுத்தம் ஏறும். துப்பாக்கியைக் காலி செய்து, பழைய வெண்கலத் தூரிகையில் சுத்தச் செம்பு நார் சுற்றித் தேயுங்கள், சீவல் சீவலாக வரும். நாரை முதலில் காந்தத்தில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது செம்பு பூசிய எஃகு, குழலுக்குள் விடக்கூடாது.