கடைசி எழுத்தை விழுங்குகிறது: லினக்ஸில் தமிழ், நீண்ட நாள் பயன்பாட்டுக்குப் பிறகு

நண்பர் ஒருவர் கேட்டார்: "அப்பாவோட லேப்டாப் விண்டோஸ் 11க்குப் போகாதாம். லினக்ஸ் போட்டுக் கொடுத்துடலாமான்னு பாக்குறேன். தமிழ் ஒழுங்கா வருமா? நீங்கதான் ரொம்ப நாளா அதுல இருக்கீங்களே." விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்ததிலிருந்து விண்டோஸுக்குப் பதிலாக இலவசமாகப் போடக்கூடிய இயங்குதளமான லினக்ஸைப் பற்றி இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லை என்ற ஒரே காரணத்தால் நன்றாக ஓடுகிற இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட யாருக்கும் மனசு வராதுதான். வாட்ஸ்அப்பில் பதில் அடிக்க ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. அதனால் இங்கே.

வருமா என்றால், வரும். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், நடுவே புள்ளிபோட்ட வட்டம் என்று திரை நிறையச் சிதறிக் கிடந்ததெல்லாம் பழைய கதை. நோட்டோ, லோகித் இரண்டில் ஏதோ ஒரு எழுத்துரு இருந்தால் போதும். எழுத்துகளைக் கோக்கிற வேலையை ஹார்ஃப்பஸ் என்ற நிரல் பார்த்துக்கொள்கிறது. ஆண்ட்ராய்டு போனில் தமிழைக் காட்டுவதும் அதேதான். ஆகவே படிப்பதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பேச வேண்டியது அடிப்பதைப் பற்றி.

நான் இதில் செய்யும் வேலை பெரிதாக ஒன்றுமில்லை. எங்கள் தெரு வாசகசாலையின் புத்தகப் பட்டியல், உறுப்பினர் கணக்கு, மாதக் கூட்டக் குறிப்பு, அவ்வப்போது ஒரு துண்டறிக்கை. எல்லாம் தமிழில், எல்லாம் தமிழ்99 விசைப்பலகையில். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு அது. பெரும்பாலும் இடது கைக்கு உயிர், வலது கைக்கு மெய். அதன் அருமை தெரிய வேண்டுமானால் 'அம்மா' என்று அடித்துப் பாருங்கள்: அ, ம, ம, ஆ. நாலே தட்டல். முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழுகிறது. 'பந்து' என்றால் ப, ந, த, உ. ந-வுக்குப் பின்னால் த வந்தால் புள்ளி வேண்டும் என்று அதற்கே தெரியும். 'மமதை' மாதிரி ஏதாவது வந்தால் மட்டும் முதல் ம-வுக்குப் பிறகு ஒரு அ தட்டி நிறுத்த வேண்டும். ஷிப்ட் விசையை ஸ, ஜ, ஹ மாதிரி எழுத்துகளுக்குத் தவிர அநேகமாகத் தொடுவதே இல்லை. ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிப்பவர்கள் ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இதைப் பழகிவிட்டால், பிறகு திரும்ப மாட்டார்கள். இது லினக்ஸின் பெருமை இல்லை. இன்று விண்டோஸிலும் மேக்கிலும் இதே விசைப்பலகை கூடவே வருகிறது.

லினக்ஸுக்கே உரிய கூத்து வேறொன்று. அமைப்புகளில் போய்த் தமிழ் விசைப்பலகையைச் சேர்க்கப் போனால் ஏறக்குறைய ஒரே பெயரில் பல தமிழ்99கள் வரிசையில் நிற்கும். ஒன்று எக்ஸ்கேபி வகை. அது ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்று மட்டும் அறிந்தது. முன்னால் என்ன அடித்தீர்கள் என்ற நினைவு அதற்குக் கிடையாது. அதனால் தானியங்கிப் புள்ளி இல்லை, க-வும் ஆ-வும் சேர்ந்து கா ஆவதும் இல்லை. அதிலேயே டாப், டிஸ்கி என்ற பழைய எழுத்துக் குறிமுறைகளுக்கான பிரிவுகள் வேறு இன்னும் உட்கார்ந்திருக்கின்றன. எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறிமுறையான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010இலேயே தரமாக அறிவித்துவிட்டது. இவை யாருக்காகக் காத்திருக்கின்றனவோ தெரியவில்லை. உங்களுக்கு வேண்டியது ஐபஸ் என்ற உள்ளீட்டு நிரல் வழியாக வரும் எம்17என் வகை, தானாகப் புள்ளி வைப்பது அதுதான். சில டிஸ்ட்ரோக்களில், அதாவது லினக்ஸின் சில வகைகளில், அதற்கான பொதியைத் தனியாக நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்ளே வர வேண்டும். புதிதாக வருகிறவர் முதலில் கண்ணில் படுவதைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வரி அடித்துவிட்டு, "லினக்ஸில் தமிழ் சரியில்லை" என்று போய்விடுகிறார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை.

எம்17என் வகையில் இன்னொரு சுகமும் உண்டு. அடியில் ஆங்கில விசைப்பலகையே இருப்பதால், தமிழில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கண்ட்ரோல் சி, கண்ட்ரோல் வி, கண்ட்ரோல் எஸ் எல்லாம் அது பாட்டுக்கு வேலை செய்யும். மொழி மாற்றி மாற்றி நகலெடுக்கும் தொல்லை இல்லை. பேக்ஸ்பேஸ் ஒவ்வொரு குறியாகத்தான் பின்வாங்கும்: 'ஸ்ரீ' என்பதை அழித்தால் முதலில் ஸ்ர, அப்புறம் ஸ், அப்புறம் ஸ. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இது வசதி. 'கொ' என்பதை 'கோ' ஆக்க முழு எழுத்தையும் அழிக்க வேண்டாமே.

இப்போது ஆத்திரத்துக்கு வருகிறேன்.

நீங்கள் ஒரு மெய்யெழுத்து விசையைத் தட்டியதும் அந்த எழுத்து அடிக்கோட்டோடு திரையில் தெரியும். அது இன்னும் ஆவணத்துக்குள் போகவில்லை. அடுத்து உயிர் வருமா, புள்ளி வருமா, அதே மெய் இன்னொரு முறை வருமா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறது. நியாயம்தான், இந்தக் காத்திருப்பு இல்லாமல் தானாகப் புள்ளி வைக்க முடியாது. ஆனால் அந்தக் கணத்தில் நீங்கள் மவுஸை எடுத்து வேறு இடத்தில் சொடுக்கினால்? ஒரு செயலியில் எழுத்து ஒழுங்காக உள்ளே போய்விடுகிறது. இன்னொன்றில் மறைந்துவிடுகிறது. வேறொன்றில், கேட்டால் நம்ப மாட்டீர்கள், புதிதாகச் சொடுக்கிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. எது எங்கே நடக்கும் என்று மனப்பாடம் செய்வதற்குள் அடுத்த அப்டேட் வந்து வரிசையை மாற்றிவிடும்.

அகரத்தில் முடிகிற சொற்கள் தமிழில் கொஞ்சமா? பல, சில, உள்ள, வந்த, வேண்டிய, செய்ய, தர. வாசகசாலைப் பட்டியலில் ஒரு பத்தியின் தலைப்பு 'வர வேண்டிய'. அது எத்தனை முறை 'வர வேண்டி' ஆகியிருக்கிறது என்று நானே கணக்கு வைக்கவில்லை. அதாவது பரவாயில்லை, பார்த்தால் தெரிந்துவிடும். தேடல் பெட்டியில் 'பல' என்று அடித்து பொத்தானைச் சொடுக்கினால், 'ப' என்று எடுத்துக்கொண்டு பட்டியலில் பாதியைக் கொண்டுவந்து கொட்டும். கூட்டக் குறிப்பில் 'நூல்கள் வாங்க' என்பதன் கடைசி 'ங்க' போய் 'நூல்கள் வா' என்று நின்று, அதைச் செயலாளர் கூட்டத்தில் சத்தமாக வாசிக்க, எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாற்று வழி இருக்கிறது. மவுஸைத் தொடும் முன் ஒரு ஸ்பேஸ் தட்டினால் எழுத்து உள்ளே போய்விடும். டேப், என்டர், அம்புக்குறி எதுவும் சரி. இன்று என் கட்டைவிரல் தானாகவே அதைச் செய்கிறது, அதன் பலனாக என் அட்டவணையில் பாதிக் கட்டங்களின் வாலில் ஒரு வெற்றிடம் தொங்குகிறது. வடிகட்டிப் பார்க்கும்போது 'வேண்டிய' ஒன்று, வெற்றிடத்தோடு 'வேண்டிய' இன்னொன்று என்று இரண்டாக வரும். ஒரு ஓட்டையை அடைக்க இன்னொரு ஓட்டை. எத்தனையோ கஷ்டமான வேலைகளை இலவசமாகச் செய்து கொடுத்திருக்கும் ஆட்களிடம் இதைக் குறையாகச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் இது அன்றாடம் குத்துகிற முள்.

மற்றவை சுருக்கமாக. கட்டளைகளை அடிக்கும் டெர்மினலில் தமிழ் பார்க்கவே வேண்டாம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அளவுக் கட்டம் என்று வகுத்த இடத்தில் ணை-யும் ஞௌ-வும் எங்கே உட்காரும்? கோப்புப் பெயர்களைத் தமிழில் வைப்பதில் சிக்கல் இல்லை. அகரவரிசை மட்டும் ஆளுக்கொரு மாதிரி. எழுத்தின் குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தும் செயலிகளில் ந-வை அடுத்து உடனே ன வந்துவிடும், ழ-வுக்குப் பிறகுதான் வ வரும், ஆய்த எழுத்து அ-வுக்கும் முன்னால் போய் நிற்கும். தமிழ் வரிசை அறிந்த செயலியில் அடுக்கிக்கொள்ளுங்கள். எழுத்துப்பிழை திருத்தியை நான் அணைத்தே வைத்திருக்கிறேன். 'வீட்டிலிருந்தவர்களுக்காக' மாதிரி ஒரு சொல்லைக் கண்டால் அது சிவப்புக் கோடு போட்டே தீரும்.

பழைய கோப்புகள் தனிக்கதை. வாசகசாலையின் முந்தைய பட்டியல் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். மாற்றிக் கொடுக்கும் கருவிகள் இருக்கின்றன, மாற்றிவிட்டேன். இன்றைக்கும் துண்டறிக்கை அடிக்கக் கொடுத்தால், அச்சகத்தில் "யூனிகோடு வேண்டாம் சார், எங்க ஃபாண்ட்ல கொடுங்க" என்கிறார்கள். அதற்கு லினக்ஸைத் திட்ட முடியாது. பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்துவிடுகிறேன், சண்டை மிச்சம்.

நான் வேறு எதற்காவது மாறுவேனா? மாட்டேன். அந்த முள்ளோடு பழகிவிட்டேன், கணினி பழசானாலும் வேகம் குறையவில்லை, என் தமிழ் எழுத்து வேகம் ஆங்கிலத்தைத் தாண்டிவிட்டது. நண்பருக்கு இதைச் சிபாரிசு செய்வேனா? நேற்றுக் கேட்டிருந்தால் தாராளமாக என்றிருப்பேன். இன்று காலை ஒரு முழுப் பத்தியின் கடைசி எழுத்துகளை மறுபடி அடித்து முடித்திருக்கிறேன், அதனால் வேண்டாம் என்றுதான் வாயில் வருகிறது.

ஆனால் அவருடைய அப்பா அந்தக் காலத்தில் தமிழ் டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்தவர். எம்17என் பட்டியலில் பழைய தட்டச்சு அமைப்பும் இருக்கிறது. அவர் கை இரண்டும் விசைப்பலகையை விட்டு நகராது. போட்டுக் கொடுங்கள். மவுஸை மட்டும் பக்கத்தில் வைக்காதீர்கள்.